முடி உதிர்கிறதா, உடைகிறதா?

நம் சங்கத்தில் எந்த நிகழ்ச்சி நடந்தாலும், சாப்பாட்டுப் பந்தி முடிந்து நான்கு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு பேச்சு வராமல் இருப்பதில்லை. "ஊர்ல இருந்தவரைக்கும் கைப்பிடிக்குள்ள அடங்காத பின்னல். தில்லிக்கு வந்து ரெண்டு வருஷம்தான், எலிவால் ஆயிடுச்சு. எல்லாம் இந்தத் தண்ணிதான்." ஆண்களும் தங்கள் வழுக்கைக்கு இதே தண்ணீரைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள்.

நான் மருத்துவன் அல்லன். டிப்ளமா படித்துவிட்டு 1980-இல் ரயில்வேயில் சேர்ந்து, அறுபதில் ஓய்வு பெற்ற பொறியாளன். ஆனால் தண்ணீரைப் பற்றிப் பேச எனக்கு ஓரளவு உரிமை உண்டு. நான் முதலில் வேலை பார்த்தது நீராவி எஞ்சின்கள் நின்ற லோகோ ஷெட்டில். அகல ரயில் பாதையில் நீராவி எஞ்சின்கள் 1995 வரை ஓடின. அந்த எஞ்சின்களின் பாய்லருக்கு முதல் எதிரி கடின நீர். குழாய்களின் மேல் வெள்ளையாகக் காரை படிந்துவிட்டால் நிலக்கரி வீணாகும், குழாய் பழுதாகும். அதனால் தண்ணீரைச் சோதிப்பதும், சுண்ணாம்பும் சோடாவும் சேர்த்து மென்மையாக்குவதும், குறித்த நாளில் பாய்லரை வாஷ்-அவுட் செய்வதும் எங்கள் அன்றாட வேலை. தலைமுடி பற்றிய மருத்துவ விஷயங்களை, எங்கள் குடியிருப்பில் நடந்த ஒரு விஷயத்திற்குப் பிறகு அக்கறையாகப் படித்தும் தோல் மருத்துவர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டேன். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

முடி என்பது உயிரற்ற இழை

தோலுக்கு உள்ளே இருக்கும் முடிவேர் உயிருள்ளது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடியோ நகத்தைப் போல உயிரற்றது. கெரட்டின் என்னும் புரதத்தால் ஆன இழை அது. நடுவில் இருக்கும் தண்டுதான் அதன் பலம். அதன் மேல் ஓட்டு வீட்டுக் கூரையைப் போல, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய மெல்லிய செதில்கள் உண்டு. செதில்கள் படிந்து கிடந்தால் முடி வழுக்கும், பளபளக்கும். ஓடு பெயர்ந்தால் முடி சொரசொரக்கும், ஒன்றோடு ஒன்று சிக்கும், கடைசியில் நுனி பிளக்கும்.

முடி மாதத்திற்குச் சுமார் 1 சென்டிமீட்டர் வளர்கிறது. ஆகவே 60 சென்டிமீட்டர் நீளமுள்ள பின்னலின் நுனிக்கு வயது ஐந்து. வாரத்திற்கு இரண்டு முறை தலைக்குக் குளித்தால், அந்த நுனி 500 முறைக்கு மேல் குளித்திருக்கிறது. தினம் இருமுறை சீவினால் 3,600 முறைக்கு மேல் சீப்பைக் கண்டிருக்கிறது. ஐந்து வருடம் ஓடிய எந்தப் பாகமும் தேயத்தான் செய்யும். உயிருள்ள தோலில் காயம் பட்டால் தானே ஆறும். முடிக்கு அந்த வழி கிடையாது. பிளந்த நுனியை ஒட்டவைக்கும் எண்ணெயோ கிரீமோ உலகில் இல்லை. தற்காலிகமாக மெழுகு பூசினாற்போல மறைக்கலாம், அவ்வளவுதான். இரண்டு மூன்று மாதத்திற்கு ஒருமுறை நுனியில் அரை அங்குலம் வெட்டிவிடுவதே சரியான வைத்தியம். வெட்டாமல் விட்டால் பிளவு மேல்நோக்கி ஏறும்.

முதல் சோதனை: விழுந்த முடியைப் பாருங்கள்

எங்கள் தொழிலில் ஒரு பாகம் விழுந்துவிட்டால், உடனே புதுப் பாகத்திற்கு இன்டென்ட் போட மாட்டோம். விழுந்த பாகத்தைக் கையில் எடுத்துப் பார்ப்போம். நடுவில் உடைந்ததா, இணைப்பு கழன்றதா? இரண்டுக்கும் காரணம் வேறு, பரிகாரமும் வேறு. முடிக்கும் அதேதான்.

சீவும்போது விழும் முடிகளை ஒரு வெள்ளைத் தாளில் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். முடி முழு நீளமாக இருந்து, ஒரு முனையில் கடுகினும் சிறிதாக வெள்ளைக் குமிழ் தெரிந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. குமிழே இல்லாமல் நீளம் குறைந்த துண்டுகளாக இருந்தால் அது நடுவில் உடைந்த முடி. வெள்ளைக் குமிழைக் கண்டு வேரே போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். வேர் தோலுக்குள் அப்படியே இருக்கிறது. அடுத்த முடி அங்கிருந்துதான் முளைக்கும்.

ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயற்கை. தலையில் சுமார் ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் சில வருடம் வளர்ந்து, சுமார் மூன்று மாதம் ஓய்வெடுத்து, பிறகு விழுந்து புதிதுக்கு இடம் கொடுக்கிறது. தலைக்குக் குளிக்கும் நாளில் கொத்தாக வருவது, இடைப்பட்ட நாட்களில் கழன்று நின்ற முடியும் சேர்ந்து வருவதால்தான்.

உடைதல் என்றால் தண்ணீர், சோப்பு, சீப்பு, சூடு, சாயம் இவற்றில் காரணம் தேட வேண்டும். உதிர்தல் என்றால் உடம்புக்குள் தேட வேண்டும். இந்த ஒரு வேறுபாட்டை நம் குடும்பங்கள் மனத்தில் வைத்தாலே பாதிச் செலவும் முக்கால் கவலையும் மிச்சம்.

தண்ணீர் குற்றவாளியா?

கடினத்தன்மை என்பது நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசிய உப்புகளின் அளவு. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் இது லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காவிட்டால் 600 வரை அனுமதிக்கலாம். தில்லியில் ஆற்று நீர் வரும் குழாய்க்கும், ஆழ்துளைக் கிணற்றுக்கும், லாரித் தண்ணீருக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. ஒரே தெருவில் இரண்டு வீட்டுத் தண்ணீர் இரண்டு விதமாக இருக்கும். ஊர்த் தண்ணீர் எல்லாமே அமுதம் என்றும் சொல்வதற்கில்லை. தாமிரபரணிக் கரையிலிருந்து வந்தவருக்கு இங்கே வேறுபாடு தெரியும். சென்னையில் போர்வெல் தண்ணீரில் குளித்து வளர்ந்தவருக்கு அவ்வளவாகத் தெரியாது.

ஆர்.ஓ. மெஷின்காரர் ஒரு பேனா போன்ற கருவியை நீரில் முக்கி, "டி.டி.எஸ். எழுநூறு" என்று பயமுறுத்துவார். அந்த எண் கரைந்துள்ள எல்லா உப்புகளுக்கும் சேர்த்தது. சாப்பாட்டு உப்பும் அதில் அடக்கம். கடினத்தன்மையை மட்டும் அறிய வீட்டிலேயே வழி உண்டு. இரண்டு பாட்டில்களில் ஒன்றில் குழாய் நீர், இன்னொன்றில் ஆர்.ஓ. நீர் பாதிபாதி எடுத்து, இரண்டிலும் ஒரே அளவு சோப்புச் சீவல் போட்டுக் குலுக்குங்கள். ஷாம்புவோ சலவைத் தூளோ கூடாது, சோப்புதான் வேண்டும். மென்னீரில் நுரை எழும்பி நிற்கும். கடின நீரில் நுரை அடங்கி, திரிந்த பால் போல வெள்ளைத் திப்பி மிதக்கும். நம் பாட்டிமார் இதற்கும் எளிய சோதனை வைத்திருந்தார்கள். பருப்பு வேகாத தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பார்கள். அது சரியான கணக்கு.

இந்தத் திப்பிதான் முடிக்குத் தொல்லை. சோப்பும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் இந்தப் பொருள் நீரில் கரையாது. குளியலறை ஓட்டில் படிவது போலவே முடியிலும் படியும். அதனால் முடி மங்கும், விறைக்கும், சீப்பு இறங்காது. சிக்கை இழுத்துச் சீவும்போது உடையும். சோப்பின் காரத்தன்மையும் சேர்ந்து செதில்களை உயர்த்திவிடும்.

கடின நீர் மட்டுமே முடியின் வலிமையைக் குறைக்குமா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. கோவை மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், கடின நீரில் நனைத்த முடிக்கும் வாலை நீரில் நனைத்த முடிக்கும் வலிமையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பாகிஸ்தானில் பின்னர் நடந்த ஓர் ஆய்வில் வலிமை குறைந்தது தெரிந்தது. எப்படியானாலும் இவை முடித்தண்டைப் பற்றிய ஆய்வுகள். கடின நீர் தோலுக்குள் போய் வேரைக் கொன்று வழுக்கையாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஆக, தண்ணீர் மேல் போடும் வழக்கில் உடைதலுக்கு ஓரளவு பொறுப்பு உண்டு, உதிர்தலுக்கு விடுதலை.

தண்ணீருக்குச் செய்யக்கூடியதும் கூடாததும்

குழாய் வாயில் மாட்டும் சிறு ஃபில்டர்களை வாங்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நீரை மென்மையாக்கும் ரெசின் ஒரு லிட்டர் அளவு இருந்தால் சுமார் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடித்து வைக்கும். கையடக்க ஃபில்டரில் 200 மில்லி ரெசின் இருப்பதாக வைத்துக்கொண்டால் 10 கிராம். உங்கள் நீரில் லிட்டருக்கு 400 மில்லிகிராம் இருந்தால், 25 லிட்டரில் ஃபில்டர் நிறைந்துவிடும். ஒன்றேகால் வாளித் தண்ணீர்! அதன்பின் உப்புக் கரைசலில் கழுவினால்தான் மறுபடி வேலை செய்யும். மாதக்கணக்கில் உழைக்கும் என்பவரிடம் இந்தக் கணக்கைக் கேளுங்கள். முழு வீட்டுக்கோ அடுக்ககத்துக்கோ வைக்கும் பெரிய சாஃப்ட்னர் உண்மையாகவே வேலை செய்யும். கீசருக்கும் வாஷிங் மெஷினுக்கும் அது நல்லது. முடிக்காக மட்டும் அந்தச் செலவு தேவையில்லை.

படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், கடினத்தைப் போக்காது. கொதிக்க வைத்தால் கடினத்தில் ஒரு பகுதி மட்டும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிந்து குறையும், மீதி அப்படியே இருக்கும்.

சிக்கனமான வழி இதுதான். வழக்கம்போலக் குழாய் நீரில் குளித்துவிட்டு, கடைசி இரண்டு மூன்று சொம்பு மட்டும் ஆர்.ஓ. நீரிலோ, பிடித்து வைத்த மழைநீரிலோ அலசுங்கள். படிவு இருக்கிறதென்று தோன்றினால் ஒரு லிட்டர் நீரில் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து வடிகட்டி முடியில் விட்டு, பிறகு நல்ல நீரில் அலசிவிடலாம். கீசர் காரையை அமிலம் கரைப்பது போல, சோப்புப் படிவை இது கரைக்கும். தலையில் புண் இருந்தால் வேண்டாம். ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரைப் பலர் வாளியில் பிடித்து வைக்கிறார்கள். தரை துடைக்க அது உதவும். தலைக்கு மட்டும் ஆகாது. குழாய் நீரைவிட அதில்தான் கடினத்தன்மை அதிகம்.

சோப்பு, சீயக்காய், ஷாம்பு

கடின நீர் உள்ள வீட்டில் தலைக்குச் சோப்பு போடுவதை நிறுத்துவதே முதல் படி. சீயக்காய் என்று பெயர் எழுதிய பச்சை நிறக் கட்டிகளில் பெரும்பாலானவை சோப்புதான். பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

உண்மையான சீயக்காயில் நுரை தருவது வேறு வகைப் பொருள். கால்சியத்தோடு சேர்ந்து திப்பியாவதில்லை. காரத்தன்மையும் இல்லை. வடித்த கஞ்சியில் சீயக்காயைக் கரைத்துத் தேய்க்கும் நம் பழைய வழக்கத்தில் பொருள் இருக்கிறது. கஞ்சியின் வழவழப்பு, தூளின் உராய்வைக் குறைக்கும். தூளை மெல்லிய துணியில் சலித்துக்கொள்வது முக்கியம். கொரகொரப்பான தூள் செதில்களைத் தேய்க்கும். அலசுவதற்கும் நிறையத் தண்ணீர் வேண்டும். இரண்டு வாளிக்கு மேல் கிடைக்காத வீட்டில் இது கஷ்டம்தான்.

ஷாம்பு கெடுதல் என்பது நம்மவர் பலரின் எண்ணம். கடின நீரில் சோப்பைவிட ஷாம்பு எவ்வளவோ மேல். அதைத் தலைத்தோலில் தேய்த்தால் போதும். அலசும்போது வழியும் நுரையே முடியின் நீளத்திற்குப் போதுமானது. அதற்குப் பிறகு கண்டிஷனரை முடியின் கீழ்ப்பாதிக்கு மட்டும் தடவி அலசினால், சீப்பு தடையின்றி இறங்கும். பொடுகு இருந்தால் எண்ணெய் தீர்வாகாது. அது ஒருவகை ஈஸ்ட் கிருமி சம்பந்தப்பட்டது. மருந்துக் கடையில் கிடைக்கும் கீட்டோகோனசோல் ஷாம்புவை வாரம் இருமுறை, சில நிமிடம் ஊறவிட்டு அலசினால் பெரும்பாலும் அடங்கும். அடங்காவிட்டால் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தேங்காய் எண்ணெய்

இதில் நம் பாட்டிமார் பக்கம் ஆதாரம் இருக்கிறது. 2003-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடி இழக்கும் புரதத்தைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலம் முடித்தண்டுக்குள் ஊடுருவுவதாலேயே இது நடக்கிறது என்பது விளக்கம். ஆய்வு செய்தவர்கள் தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

குளிப்பதற்கு முதல் நாள் இரவோ, சில மணி நேரம் முன்போ, இரண்டு ஸ்பூன் எண்ணெயை முடியின் நீளத்திற்குத் தடவுங்கள். குளித்தபின் எண்ணெய் வழிய வழிய வைத்துக்கொண்டு வெளியே போனால் இந்த ஊர்ப் புழுதி முழுக்கத் தலையில் ஒட்டும். தில்லிக் குளிரில் தேங்காய் எண்ணெய் உறைந்துவிடும். 25 டிகிரிக்குக் கீழே உறைவது அதன் இயல்பு, கலப்படம் அல்ல. பாட்டிலை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்தால் இளகும். எண்ணெய் முடியைக் காக்கும், ஆனால் புது முடியை முளைக்க வைக்காது.

சீப்பு, துண்டு, பின்னல்

நனைந்த முடி இழுத்தால் நீளும், ஆனால் பலம் குறைவு. தலை துவட்டியவுடன் சிக்கெடுப்பதும், துண்டால் பட் பட்டென்று அடித்து உலர்த்துவதும் நம் வீடுகளில் சாதாரணம். இரண்டும் முடியை உடைப்பவை. துண்டில் ஒற்றி எடுத்துக் காற்றாட விடுங்கள். பாதி உலர்ந்ததும் பல் அகன்ற சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி மெல்ல மேலே வாருங்கள். மேலிருந்து கீழே இழுத்தால் எல்லாச் சிக்கும் ஒன்றுகூடி அடியில் முடிச்சாகும்.

ஈரத்தோடு பின்னாதீர்கள். ரப்பர் பேண்டை நேரே முடியில் போடாமல் துணி சுற்றிய வளையம் பயன்படுத்துங்கள். பள்ளிக்கு இறுக்கி இரட்டைப் பின்னல் போடும் சிறுமிகளுக்கும், பரதநாட்டிய வகுப்புக்குச் சவுரி வைத்துக் கட்டும் பெண்களுக்கும் நெற்றியோரமும் காதோரமும் முடி பின்வாங்குவதைக் காணலாம். தொடர்ந்த இழுவிசையால் வேரே தளர்கிறது. ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்பும். வருடக்கணக்கில் விட்டால் திரும்பாது. நடன நிகழ்ச்சி முடிந்ததும் சவுரியை அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். கட்டியது வலிக்கிறது என்று குழந்தை சொன்னால் அது சாக்கு அல்ல, எச்சரிக்கை.

சூடும் சாயமும்

முடியை நேராக்கும் இஸ்திரிக் கருவி 180 முதல் 230 டிகிரி வரை சூடாகிறது. ரேடியோ பழுது பார்க்கும் ஈயப்பற்று 183 டிகிரியில் உருகிவிடும் என்றால் இது எவ்வளவு சூடு என்று புரியும். ஈர முடியில் வைத்தால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, வெளியேற வழியின்றி முடிக்குள்ளேயே குமிழ்களை உண்டாக்குகிறது. சேஃப்டி வால்வு இல்லாத பாய்லர்தான். கட்டாயம் வேண்டுமானால் முழுதும் உலர்ந்த முடியில், குறைந்த சூட்டில், எப்போதாவது மட்டும். டிரையரை ஒரு ஜாண் தள்ளிப் பிடியுங்கள்.

கல்யாணத்துக்கு முன் பார்லரில் செய்யும் நிரந்தர நேராக்கல் சிலவற்றில் ஃபார்மால்டிஹைடு இருக்கிறது, அல்லது சூட்டில் உண்டாகிறது. இதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2004-இல் வகைப்படுத்தியது. கண் எரியும் நெடி வந்தால் நாற்காலியை விட்டு எழுந்துவிடுங்கள்.

சுத்தமான மருதாணி சிவப்பைத்தான் தரும். கறுப்பாக்கும் "கறுப்பு மெஹந்தி" பொட்டலங்களில் பெரும்பாலும் பி.பி.டி. என்ற சாயப்பொருள் கலந்திருக்கும். சிலருக்கு அது கடுமையான அலர்ஜி தரும். எந்தச் சாயமானாலும் காதுக்குப் பின்னால் சிறிது தடவி 48 மணி நேரம் பார்த்துவிட்டுப் பயன்படுத்துவது நலம்.

வேரோடு உதிர்ந்தால்

கட்டுரையின் முக்கியமான பகுதி இதுதான். முன்னே குறிப்பிட்ட விஷயத்திற்கு வருகிறேன். எங்கள் குடியிருப்பில் ஓர் இளம் மருமகள், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவள். வந்த ஒன்றரை வருடத்தில் பின்னல் பாதியானது. தண்ணீரைக் குறை சொல்லி, குழாய் ஃபில்டர் வாங்கினார்கள். பிறகு கேன் தண்ணீரில் தலைக்குக் குளித்தாள். கடைசியில், முடியைக் குட்டையாக வெட்டிவிடலாம் என்று பேச்சு எழுந்து அவள் அழுதுகொண்டிருந்தாள். "மாமா, நீங்க தண்ணி இன்ஜினீயராச்சே, இந்தத் தண்ணிக்கு என்ன போடணும்?" என்று என்னிடம் கேட்டாள். ஒரு வாரம் விழுந்த முடியைத் தாளில் சேர்த்துவைக்கச் சொன்னேன். பார்த்தால் எல்லாம் முழு நீளம், எல்லாவற்றிலும் வெள்ளைக் குமிழ். "தண்ணிக்கு ஒண்ணும் போட வேண்டாம்மா, ரத்தம் டெஸ்ட் பண்ணு" என்றேன். ஹீமோகுளோபின் 8-ஐச் சற்றே தாண்டியிருந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதையும், எந்நேரமும் களைப்பாக இருப்பதையும் அவளும் வீட்டாரும் "புது ஊர், பழகிவிடும்" என்று விட்டிருந்தார்கள். மருத்துவர் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து, அதிக உதிரப்போக்குக்கும் சிகிச்சை செய்தார். முடி மெல்லத்தான் திரும்பியது. களைப்பு முதலிலேயே போனது.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. நம் வீட்டில் இரண்டு பெண்கள் இருந்தால் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்று வைத்துக்கொள்ளலாம். முடி உதிர்வதைத் தண்ணீரின் தலையில் கட்டிவிட்டால் இந்த நோய் கண்ணில் படாமலே போகும். அதனால்தான் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்.

உதிர்தலுக்குப் பொதுவான காரணங்கள் இவை:

1. காய்ச்சல். டெங்கு, டைபாய்டு, கோவிட் போன்றவை வந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டும். தில்லியில் டெங்கு செப்டம்பர், அக்டோபரில் வருகிறது. முடி கொட்டுவது டிசம்பர், ஜனவரியில். பழி கீசர் வெந்நீருக்கு. சில மாதங்களில் தானே நின்றுவிடும்.

2. பிரசவம். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கும்போது தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். காலக் கணக்கு மிகச் சரி. குழந்தையின் சிரிப்புக்கும் இதற்கும் தொடர்பில்லை. பெரும்பாலும் ஒரு வருடத்திற்குள் சரியாகிவிடும்.

3. இரும்புச்சத்துக் குறைவு. ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டின் அளவையும் பார்ப்பார்கள்.

4. தைராய்டு கோளாறு.

5. பட்டினி கிடந்து உடல் இளைப்பது, புரதம் குறைந்த சாப்பாடு. காலையில் காபியோடு ஓடி, மதியம் தயிர் சாதத்தில் முடிக்கும் பெண்கள் பருப்பு, சுண்டல், பால், முட்டை ஏதாவது ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும்.

6. பரம்பரை. ஆண்களுக்கு முன்நெற்றியும் உச்சியும், பெண்களுக்கு வகிடு அகலமாவதும். இதற்கு மருந்து உண்டு. சீக்கிரம் தொடங்கினால்தான் பலன்.

சாப்பிட்ட கையோடு காபியோ டீயோ குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும். ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். ஃபில்டர் காபியை விடச் சொல்லவில்லை, நேரத்தை மாற்றச் சொல்கிறேன். கீரையோடு எலுமிச்சை, நெல்லிக்காய் சேர்ந்தால் இரும்பு நன்றாகச் சேரும்.

விளம்பரத்தைப் பார்த்து பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பயோட்டின் குறைபாடு அபூர்வம். அந்த மாத்திரை தைராய்டு போன்ற சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டிவிடக்கூடும். பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். இரும்பு மாத்திரையையும் பரிசோதிக்காமல் தாமாக வாங்கிச் சாப்பிடக் கூடாது.

காசு வடிவில் வழுக்கை, அதாவது நாம் புழுவெட்டு என்று சொல்வது, குழந்தைகளுக்குச் செதிலோடு அரிக்கும் திட்டு, ஆறு மாதத்திற்கு மேல் நிற்காத உதிர்வு, உதிர்வோடு களைப்போ மாதவிலக்குக் கோளாறோ சேர்ந்திருப்பது, இவற்றில் எது இருந்தாலும் எண்ணெயை மாற்றிப் பார்த்துக்கொண்டிராமல் தோல் மருத்துவரிடம் போங்கள்.

சிகிச்சை சரியாக நடந்தாலும் பொறுமை வேண்டும். மாதம் ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கு மாறாது. நெற்றியோரத்தில் குட்டி முடிகள் நிமிர்ந்து நிற்பதைக் கண்டால் நல்ல அறிகுறி. அவை பின்னலில் சேர இரண்டு மூன்று வருடம் ஆகும். அதுவரை வாரம் இரண்டு நாள் தலைக்குக் குளிப்பது, கடைசிச் சொம்பு நல்ல நீர், அகன்ற பல் சீப்பு, தளர்ந்த பின்னல். வருடத்திற்கு ஒருமுறை வீட்டுப் பெண்கள் அனைவருக்கும் ஹீமோகுளோபின் பரிசோதனை. ஒரு குழாய் ஃபில்டரின் விலையில் ஒரு குடும்பத்துக்கே அந்தப் பரிசோதனையைச் செய்துவிடலாம்.